"கடைசியில டீச்சராத்தானே வாற?"

கொஞ்சம் நீண்ட பதிவு. இடையில் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், வெள்ளவத்தையில் நாலு ஒழுங்கை தெரிந்திருந்தால் போதும்.

போன கிழமை ஒரு பழைய மாணவனின் வாப்பா கடையைப் பூட்டிவிட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கொட்டாஞ்சேனையில் சாதாரண தரம் வரை என்னிடம் கணக்குப் படித்த பிள்ளை அவருடைய மகன். உயர்தரத்தில் இணைந்த கணிதத்தில் நல்ல பெறுபேறு. பொறியியல் பீடம் கிடைக்கும் போலிருக்கிறது. ஆனால் அவன் விஞ்ஞான பீடத்துக்குப் போய்க் கணிதம்தான் படிப்பேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான்.

"நீங்க சொன்னா கேப்பான் டீச்சர்" என்றார். நான் பதில் சொல்ல முன்னமே, "கணக்கு மட்டும் படிச்சு என்ன செய்யிற? கடைசியில டீச்சராத்தானே வாற?" என்று கேட்டுவிட்டார்.

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கு விளங்கியது. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "மன்னிக்கணும் டீச்சர், நான் அப்பிடி நினைச்சுச் சொல்லல்ல" என்றார். "பரவாயில்ல நானா" என்றேன். உண்மையில் பரவாயில்லைதான். ஆசிரியர் கலாசாலைக்குப் போகும்போது என் சொந்தக்காரர்கள் பலரும் இதையேதான் வேறு சொற்களில் சொன்னார்கள்.

ஆனால் அவர் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அதற்குப் பதிலாகத்தான் ஒரு பழைய கதையை எழுதுகிறேன். கதையில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரும் தமிழ்நாட்டுப் பையன்கள் இருவரும் வருகிறார்கள். அதற்கு முன் அவர்கள் கைவைத்த கணக்கு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும்.

*

வெள்ளவத்தையில் காலி வீதியும் மரைன் டிரைவும் ஏறக்குறைய சமாந்தரமாக ஓடுகின்றன. இரண்டையும் இணைத்து, கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டை மட்டும் எடுங்கள். ஒன்றில் இறங்கி, மரைன் டிரைவில் கொஞ்சம் நடந்து, மற்றதில் ஏறி, காலி வீதி வழியாகப் புறப்பட்ட சந்திக்கே வந்தால் அது ஒரு சுற்று. மூன்று ஒழுங்கைகள் என்றால் அடிப்படைச் சுற்றுகள் இரண்டு. பத்து ஒழுங்கைகள் என்றால் ஒன்பது. நீங்கள் எப்படி அலைந்து திரிந்து புறப்பட்ட இடத்துக்கு வந்தாலும், அந்த ஒன்பது சுற்றுகளை ஏதோ ஒரு வரிசையில், முன்னோக்கியோ பின்னோக்கியோ நடந்ததற்குத்தான் அது சமம்.

புறப்படும் சந்தியில் ஒரு நூலைக் கட்டி, அதை விட்டுக்கொண்டே நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் தெருவை விட்டு வெளியே போகக் கூடாது. போன வழியாலேயே திரும்பி வந்தால், நூலை இழுத்து முழுவதையும் கையில் சுருட்டிவிடலாம். அந்த நடை ஒன்றும் நடக்காததற்குச் சமம். ஒரு சுற்றை முழுதாக முடித்து வந்தால் நூலைச் சுருட்ட முடியாது, நடுவில் வீடுகள் நிற்கின்றன. இன்னுமொன்று: முதலாம் சுற்றை முடித்து இரண்டாம் சுற்றுக்குப் போவதும், இரண்டாவதை முடித்து முதலாவதுக்கு வருவதும் ஒன்றல்ல. ஒரு நூலை இழுத்து மற்றதாக மாற்ற முடியாது. வரிசை முக்கியம்.

இந்தச் சுற்றுகளையும் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் விதியையும் சேர்த்து "அடிப்படைக் குலம்" என்கிறார்கள். 1895 இல் பிரான்சின் ஹென்றி புவான்கரே இந்தக் கருத்தைக் கொண்டுவந்தார். தெருக்களைப் போன்ற வடிவங்களை, அதாவது நீளம் மட்டும் உள்ளவற்றை, ஒரு பரிமாண வெளிகள் என்பார்கள். எண்ணி முடிக்கக்கூடிய தெருக்கள் உள்ள வலை என்றால் கதை இவ்வளவுதான்: சுற்றுகளை எண்ணினால் குலம் தெரிந்துவிடும்.

"அப்ப ஒரு பரிமாணம் என்டா லேசுதானே?" என்று அந்தப் பிள்ளை ஒரு முறை கேட்டான். லேசு இல்லை. ஒரு வளையம், அதன் உள்ளே அதன் பாதி அளவில் ஒன்று, பிறகு மூன்றிலொரு பங்கில் ஒன்று, நாலிலொரு பங்கில் ஒன்று என்று முடிவே இல்லாமல் வளையங்கள். எல்லாம் ஒரே புள்ளியில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இதற்கு "ஹவாய்த் தோடு" என்று பெயர். முதல் வளையத்தை அரை நிமிடத்தில் சுற்றுங்கள், அடுத்ததைக் கால் நிமிடத்தில், அதற்கடுத்ததை அரைக்கால் நிமிடத்தில். ஒரு நிமிடம் முடியும்போது முடிவில்லாத வளையங்கள் எல்லாவற்றையும் சுற்றி முடித்திருப்பீர்கள்! வெள்ளவத்தைத் தெருக்களில் இது நடக்காது. இங்கே வளையங்கள் சிறுத்துக்கொண்டே போவதால் நடக்கும். ஆகவே "இத்தனை சுற்று, இந்த வரிசை" என்று ஒரு முடிவுள்ள பட்டியலாக எழுதும் பழைய முறை இங்கே உடைந்துவிடுகிறது.

1952 இல் கிரகம் ஹிக்மன் அட்சரகணிதப் பக்கமிருந்து இந்தக் குலத்தை நெருங்கினார். 1956 இல் எச். பி. கிரிஃபித்ஸ் அதன் அமைப்புக்கு ஒரு நிரூபணம் கொடுத்தார். முடிவு சரி, நிரூபணத்தில் ஓட்டை. 1986 இல் ஜோன் மோர்கனும் இயன் மொரிசனும் அந்த ஓட்டையைக் காட்டி, சரியான நிரூபணத்தை எழுதினார்கள். முப்பது வருடம். கணக்கில் பிழை விட்டதற்காக அழும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை இது.

*

இனி இந்தத் தெருக்களிலிருந்து ஒரு படி மேலே போக வேண்டும். பாதிரியார் கதைக்கு அது தேவை.

ஒரு உழுந்து வடையின் மேற்பரப்பை நினையுங்கள், நடுவில் ஓட்டை ஒன்று. அதன் மேல் அடிப்படைச் சுற்றுகள் இரண்டு: ஓட்டையைச் சுற்றி வருவது ஒன்று, ஓட்டைக்குள் புகுந்து வெளியே வருவது மற்றது. இரண்டு ஓட்டை உள்ள பரப்பு என்றால் சுற்றுகள் நான்கு. அந்த நான்கு சுற்றுகளை மட்டும் தனியே எடுத்தால் அது வெள்ளவத்தைத் தெருக்களைப் போன்ற ஒரு பரிமாண வலைதான். அந்த எலும்புக்கூட்டின் மேல் ஒரேயொரு தோல் துண்டை ஒட்டினால் முழுப் பரப்பும் கிடைத்துவிடும். தோல் ஒட்டியதால் நூலுக்குப் புதிதாக ஒரேயொரு சுதந்திரம் கிடைக்கிறது. அதாவது, சுற்றுகளுக்கிடையே ஒரேயொரு நிபந்தனை.

நம் கண்ணுக்குப் பரப்பு என்பது இரண்டு பரிமாணம். ஆனால் சாதாரண எண்களுக்குப் பதிலாகச் சிக்கலெண்களால் அளந்தால் ஒரு சிக்கலெண்ணே போதும். ஆகவே கணித ஆசிரியர்கள் இதையும் "வளையி" என்றே அழைக்கிறார்கள். இதுவும் ஒரு பரிமாணம்தான், அளவுகோல் மட்டும் வேறு. இப்படிப்பட்ட பரப்புக்கு ரீமான் பரப்பு என்று பெயர்.

ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோணத்தைக் கொடுங்கள்: இந்தச் சுற்றை முடித்து வந்தால் கையிலுள்ள அம்பு இத்தனை பாகை திரும்பியிருக்கும் என்று. இரண்டு ஓட்டைப் பரப்பில் நான்கு கோணங்கள். அந்தக் கோணங்களிலிருந்து அந்தப் பரப்பின் கணிதத்தில் ஒரு பெரும் பகுதி பிறக்கிறது. இந்த விஷயம் ஆபெல், யாக்கோபி காலத்திலேயே, 19 ஆம் நூற்றாண்டிலேயே வேர்விட்டது.

கோணங்களைக் கூட்டும்போது வரிசை முக்கியமில்லை. 30 உம் 40 உம் 70, எப்படிக் கூட்டினாலும். ஆகவே கோணங்கள் குலத்தின் பாதிக் கதையைத்தான் சொல்லும். கோணத்துக்குப் பதிலாக ஒரு தாயத்தைக் கொடுத்தால்? தாயங்களைப் பெருக்கும்போது வரிசை முக்கியம் என்று பத்து, பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கே தெரியும். இந்தக் கேள்வியை 1938 இல் எழுப்பியவர் அந்த்ரே வெய்ல்.

இந்த வெய்ல் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்ல. 1930 முதல் 1932 வரை அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராக இருந்தவர். வந்தபோது அவருக்கு 24 வயதுகூட நிறையவில்லை. அவரை அழைத்தவர் சேர் சையத் அஹ்மத் கானின் பேரனும் அப்போதைய துணைவேந்தருமான சையத் ரோஸ் மசூத். வெய்ல் அங்கே சேர்த்துக்கொண்டவர்களில் ஒருவர் தமிழரான டி. விஜயராகவன். இரண்டு வருடத்தில் வெய்ல் அலிகாரை விட்டுப் போக வேண்டி வந்தது. ஆனால் இந்தியாவில் கணிதம் வளரும் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை.

*

இனி பாதிரியார்.

அருட்தந்தை சார்ல்ஸ் ரசீன் 1897 இல் பிரான்சில் பிறந்த இயேசு சபைக் குரு. 1934 இல் பாரிசில், அக்காலத்தின் மிகப் பெரிய வடிவகணித அறிஞரான எலி கார்த்தானிடம் கலாநிதிப் பட்டம் பெற்றவர். வெய்லும் எலி கார்த்தானின் மகன் ஹென்றி கார்த்தானும் அவருடைய நண்பர்கள். பாரிசில் என்ன புதிதாக நடக்கிறது என்று உள்ளிருந்தே அறிந்த மனிதர். அப்படிப்பட்டவர் 1937 இல் திருச்சிராப்பள்ளி புனித ஜோசப் கல்லூரிக்கு வந்தார். 1939 இல் சென்னை லொயோலா கல்லூரிக்கு மாறினார். அங்கே பல தசாப்தம் வகுப்பெடுத்தார்.

அந்தக் காலத்து மதராஸ் ஒனர்ஸ் பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் பாணி. கடினமான கணக்குகளை வேகமாகச் செய்வதுதான் கெட்டித்தனம். நகரத்தில் பெரிய கணித அறிஞர்கள் இல்லாமலில்லை. பிரசிடென்சி கல்லூரியில் ஹார்டியிடம் படித்து வந்த ஆனந்த ராவ் இருந்தார். பல்கலைக்கழகத்தில் வைத்தியநாதசுவாமி இருந்தார். இடத்தியல் பற்றி 1947 இல் அவர் ஒரு முழு நூலே வெளியிட்டார். ரசீன் செய்தது இதற்குப் பக்கத்தில் இன்னொன்று: பிரான்சில் புதிதாக எழுந்துகொண்டிருந்த நவீன கணிதத்தைப் பட்டப்படிப்பு மாணவர்களின் மேசைக்கே கொண்டுவந்தார். இருபது வயதுப் பையன்களிடம் உலகத்தில் இப்போது எந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது, அதைப் படிக்க எங்கே போக வேண்டும் என்று கதைத்தார்.

அவர் வகுப்பிலிருந்து வந்தவர்களில் இருவர்: சி. எஸ். சேஷாத்ரி, எம். எஸ். நரசிம்மன். இருவரும் 1932 இல் பிறந்தவர்கள். சேஷாத்ரி காஞ்சிபுரம். நரசிம்மன் வட ஆற்காட்டுப் பக்கம் தண்டரை என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1953 இல் இருவரும் பம்பாயின் டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனார்கள். அங்கே கணிதப் பள்ளியைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்தவர் கே. சந்திரசேகரன், அவர் ஆனந்த ராவின் மாணவர். பிறகு 1957 முதல் 1960 வரை இருவரும் பாரிசில், ரசீன் புறப்பட்டு வந்த அதே ஊரில்.

பம்பாய்க்குத் திரும்பி வெய்லின் 1938 கட்டுரையைக் கையிலெடுத்தார்கள். கேள்வி இதுதான். பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் அம்புகள் நிறைந்த ஒரு சிறு வெளியை நட்டு வைத்தால் அதற்குக் காவிக் கற்றை என்று பெயர். நெல்வயலில் ஒவ்வொரு இடத்திலும் ஒரு கதிர்க்கட்டு நிற்பதுபோல. கற்றைகள் எண்ணற்ற விதமாக முறுக்கிக்கொள்ளும். அவற்றில் எவை சுற்றுகளுக்குக் கொடுத்த தாயங்களிலிருந்து பிறந்தவை?

1962 இல் ஸ்டொக்ஹோம் மாநாட்டில் அமெரிக்காவின் டேவிட் மம்ஃபர்ட் முற்றிலும் வேறொரு தேவைக்காக "நிலையான கற்றை" என்ற கருத்தை முன்வைத்தார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு சிறு கற்றையும் தன் பங்கைவிடக் கனம் குறைந்ததாகவே இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. தராசில் நிறுப்பது போன்ற ஒரு நிபந்தனை. அதில் சுற்றும் இல்லை, நூலும் இல்லை.

1965 இல் நரசிம்மனும் சேஷாத்ரியும் 'அனல்ஸ் ஒஃப் மெதமெட்டிக்ஸ்' சஞ்சிகையில் நிரூபித்தது இதுதான்: இரண்டோ அதற்கு மேலோ ஓட்டைகள் உள்ள பரப்பில், மொத்த முறுக்கு பூச்சியமாக உள்ள நிலையான கற்றைகளும், அடிப்படைக் குலத்தின் சுற்றுகளுக்கு அம்பின் நீளத்தை மாற்றாத தாயங்களைக் கொடுக்கும் உடைக்க முடியாத முறைகளும் ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்துகின்றன. ஒரு பக்கம் தராசு, மறுபக்கம் தெருவில் நூல் கட்டி நடந்த நடை. இரண்டும் ஒரே விஷயம். அப்போது இருவருக்கும் 33 வயது. என் வயதுக்காரர்கள்!

1983 இல் சைமன் டொனால்ட்சன் இதே தேற்றத்துக்குப் பௌதிகத்திலிருந்து வந்த யாங்–மில்ஸ் சமன்பாடுகளின் வழியாகப் புதிய நிரூபணம் கொடுத்தார். அங்கிருந்து ஒரு பெரிய துறையே விரிந்தது. நரசிம்மன் பின்னர் அப்துஸ் ஸலாம் இத்தாலியின் த்ரியெஸ்தெ நகரில் நிறுவிய நிலையத்தில் கணிதப் பிரிவுக்குத் தலைமை தாங்கினார். 2006 இல் சவூதி அரேபியாவின் மன்னர் ஃபைசல் விருது கணிதத்துக்கு இருவருக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ஒருவர் டொனால்ட்சன், மற்றவர் நரசிம்மன். தண்டரையில் பிறந்த பிள்ளை.

சேஷாத்ரி சென்னைக்குத் திரும்பி 1989 இல் ஒரு கணிதப் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் இன்றைய சென்னைக் கணிதவியல் கழகம். ஆராய்ச்சியோடு நிற்காமல், 1998 இலிருந்து அங்கே இளமாணி வகுப்பும் நடக்கிறது, பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளுக்கு. லொயோலாவில் தனக்குக் கிடைத்தது மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும் என்றே இதைச் செய்தார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

ரசீன்? அவர் பெயரில் பாடநூல்களில் பெரிய தேற்றம் எதுவும் இல்லை. அவரிடம் படித்தவர்களின் பெயர்களில் இருக்கின்றன. இந்த இருவர் மட்டுமல்ல, சி. பி. ராமானுஜம், ராகவன் நரசிம்மன் என்று இன்னும் பலர். 1976 இல் ரசீன் காலமானார்.

*

2020 ஜூலையில் சேஷாத்ரி காலமான செய்தியை ஃபோனில் வாசித்தபோதுதான் ரசீனின் பெயரை முதன்முதலாகப் பார்த்தேன். கலாசாலையில் எனக்குப் பாடக்குறிப்பு எழுதச் சொல்லித் தந்தார்கள், கரும்பலகையை எப்படிப் பிரிப்பது என்று சொல்லித் தந்தார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் ஒரு ஆசிரியர் தனக்கு எட்டாத இடத்துக்கும் பிள்ளைக்கு வழி சொல்லலாம் என்று அங்கே எனக்கு யாரும் சொல்லவில்லை. ரசீனைப் பற்றி வாசித்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

நான் ரசீன் அல்ல. எனக்கு வெய்லையும் தெரியாது, கார்த்தானையும் தெரியாது. ஹவாய்த் தோட்டின் குலத்தை எனக்கு விளங்கும் அளவுக்குத்தான் மேலே எழுதினேன், அதற்கப்பால் நானும் இப்போதுதான் படிக்கிறேன். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: அந்த இருவருக்கும் போய்ச் சேர பம்பாயில் ஓர் இடம் இருந்தது, அதற்குச் சம்பளம் கொடுக்க ஒரு நாடு இருந்தது. நம் நாட்டில் கணிதப் பட்டதாரியின் நிலைமை வேறு. கடைக்காரத் தகப்பன் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் உழைத்துக் கட்டிய வீட்டை மகன்தான் பிறகு பார்க்க வேண்டும்.

ஆகவே முந்தநாள் அவரோடு ஃபோனில் கதைத்தபோது "பொறியியல் வேண்டாம்" என்று நான் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் சொன்னேன். பொறியியலில் வேலை ஓரளவு நிச்சயம், கணிதத்தில் அப்படி இல்லை. ஆனால் இவனைப் போல ஒரு பிள்ளை என் வகுப்புக்கு அடிக்கடி வருவதில்லை. பத்தாம் வகுப்பில் காலி வீதிப் படத்தைப் பலகையில் போட்டபோது எல்லோரும் சுற்றுகளை எண்ணினார்கள். இவன் மட்டும், "டீச்சர், ஒழுங்கை முடியாமப் போய்க்கொண்டே இருந்தா?" என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்கும் பிள்ளையிடம் நான் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டேன், நானா. அவன் என்ன முடிவெடுத்தாலும் நீங்கள் இருவரும் சேர்ந்து எடுங்கள்.

பிறகு இந்தப் பாதிரியார் கதையையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

"அந்தப் பாதர் கடைசி வரைக்கும் டீச்சராவா இருந்தாரு?"

"ஓம் நானா. டீச்சராத்தான்."

"ம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

விண்ணப்பத்துக்கு இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. இதை வாசிப்பவர்களில் கொழும்பிலோ, யாழ்ப்பாணத்திலோ, பேராதனையிலோ, கிழக்கிலோ விஞ்ஞான பீடத்தில் கணிதம் படித்தவர்கள் இருந்தால், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று கீழே இரண்டு வரி எழுதுங்கள். நல்லதையும் எழுதுங்கள், கஷ்டத்தையும் எழுதுங்கள். ஒன்றையும் கூட்டிக் குறைக்காமல் அவருக்குக் காட்டுவேன். கணக்கில் நான் எங்காவது பிழை விட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், திருத்திவிடுகிறேன். அந்தப் பிள்ளைக்காக துஆச் செய்யுங்கள்.